‘எல்லாத்துக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு சார்!’ - பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸிடம் வீட்டை ஒப்படைக்கும் முன் கேட்க வேண்டிய 3 ஆவணங்கள்

ஆடி முடியட்டும் என்று காத்திருந்து ஆவணியில் வீடு மாறுபவர்கள், பிள்ளைகளுக்கு ஸ்கூல் லீவ் விட்டதும் மே மாதத்தில் ஊர் மாறுபவர்கள், டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த ஒரே வாரத்தில் கிளம்பியாக வேண்டிய வங்கி ஊழியர்கள்... நம் ஊரில் வீடு மாறுவதற்கென்றே சீஸன் உண்டு. நல்ல நாள் பார்க்கிறோம், பால் காய்ச்ச நேரம் குறிக்கிறோம், வாசல் எந்தத் திசை என்று நாலு பேரிடம் கேட்கிறோம். ஆனால், வீட்டிலிருக்கும் மொத்தப் பொருள்களையும் யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதை மட்டும் ஒரே ஒரு போன் காலில் முடிவு செய்துவிடுகிறோம்.

கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த தேக்குக் கட்டில், இ.எம்.ஐ இன்னும் முடியாத ஃப்ரிட்ஜ், பாட்டி காலத்துப் பித்தளை அண்டா, பிள்ளைகளின் சைக்கிள், போன வருடம் வாங்கிய வாஷிங் மெஷின் என ஒரு குடும்பத்தின் 15, 20 வருடச் சம்பாத்தியம் ஒரே லாரியில் ஏறுகிறது. அந்த லாரியை இதற்கு முன் நாம் பார்த்ததில்லை. ஓட்டுபவர் யாரென்றும் தெரியாது. நம்மிடம் இருப்பது ஒரு மொபைல் எண்ணும், வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷனும், ‘கவர்ன்மென்ட் ரிஜிஸ்டர்டு கம்பெனி சார், எல்லாத்துக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கு’ என்ற வாய்வார்த்தையும்தான்.

பெரும்பாலான நேரங்களில் பொருள்கள் பத்திரமாக வந்து சேர்ந்துவிடும். கேள்வி, வராத நாளைப் பற்றியது. டி.வி திரை உடைந்தால், லாரி கவிழ்ந்தால், பாதி வழியில் ‘இன்னும் 15,000 ரூபாய் போட்டால்தான் வண்டி நகரும்’ என்று போன் வந்தால், பணம் தரப்போவது யார், பொறுப்பேற்கப்போவது யார்? அதற்கான பதில் 3 காகிதங்களில் இருக்கிறது. நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ், நம் பெயரில் போடப்பட்ட எல்.ஆர் எனப்படும் லாரி ரசீது, நம் பெயரில் வந்த இன்ஷூரன்ஸ் சான்றிதழ். இந்த மூன்றையும் எப்படிக் கேட்பது, எப்படிச் சரிபார்ப்பது என்று பார்ப்போம்.

‘லைசென்ஸ்’ என்றால் எது?

சரக்கு ஏற்றிச் செல்லும் தொழிலுக்கென இந்தியாவில் தனிச் சட்டம் இருக்கிறது. ‘கேரியேஜ் பை ரோடு ஆக்ட், 2007’ என்பது அதன் பெயர். 1865-ம் ஆண்டின் பழைய ஆங்கிலேயர் காலச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கான விதிகளும் 2011-ல் வெளியாயின.

பொதுமக்கள் யார் கேட்டாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு சாலை வழியாகச் சரக்கு ஏற்றிச் செல்பவரை இந்தச் சட்டம் ‘காமன் கேரியர்’ என்கிறது. சொந்தமாக லாரி வைத்திருப்பவர் மட்டுமல்ல, புக்கிங் கம்பெனி, ஒப்பந்ததாரர், ஏஜென்ட், புரோக்கர் எல்லோரும் இதற்குள் வருவார்கள். ‘வண்டி எங்களுது இல்ல மேடம், நாங்க அரேஞ்ச் பண்ணித்தான் கொடுக்கறோம்’ என்று சொல்லி நழுவ முடியாது.

பதிவுச் சான்றிதழ் இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது என்கிறது சட்டம். பதிவைத் தருவது மாநில அல்லது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். ஒருமுறை பெற்றால் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆக, ‘லைசென்ஸ் இருக்கா?’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘கேரியேஜ் பை ரோடு சட்டப்படி வாங்கிய காமன் கேரியர் பதிவுச் சான்றிதழ் காப்பி அனுப்புங்க’ என்று கேளுங்கள். அதில் உள்ள பெயர், முகவரி, செல்லுபடியாகும் தேதி மூன்றையும் கொட்டேஷனோடு ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால், சான்றிதழ் கொடுத்த அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம்.

லைசென்ஸ் போலத் தெரியும் 4 விஷயங்கள்

விளம்பரங்களில் வரிசையாக முத்திரைகள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் உண்மையில் என்ன என்று தெரிந்துகொண்டால் பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

* ஜி.எஸ்.டி எண்: இது வரிப் பதிவு. சரக்கு ஏற்றிச் செல்வதற்கான அனுமதி அல்ல. ஆனால், எதிரில் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க நமக்குக் கிடைக்கும் நல்ல சாவி இதுதான். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அடுத்த பகுதியில் பார்ப்போம்.

* உத்யம் சான்றிதழ்: சிறு, குறு தொழில்களுக்கான பதிவு. தொழில் செய்பவரே இணையத்தில் விவரங்களைக் கொடுத்து இலவசமாகப் பெறுவது. மேலே அரசு முத்திரை இருப்பதால் ‘அரசு அங்கீகாரம்’ போலத் தெரியும். அவருடைய வண்டியையோ, வேலையையோ யாரும் வந்து பார்த்துக் கொடுத்தது அல்ல.

* ஐ.எஸ்.ஓ: நிர்வாக நடைமுறைகளுக்காகத் தனியார் சான்றளிப்பு நிறுவனங்கள் தருவது. அரசு உரிமம் அல்ல.

* ‘ஐ.பி.ஏ அப்ரூவ்டு’: அதிகம் பேரைக் குழப்புவது இதுதான். ஐ.பி.ஏ என்பது இந்திய வங்கிகள் சங்கம். லாரி ரசீதை ஆதாரமாக வைத்து வங்கிகள் வணிகர்களுக்குப் பணம் தரும்போது, எந்தப் போக்குவரத்து நிறுவனத்தின் ரசீதை நம்பலாம் என்பதற்காக இந்தச் சங்கம் பரிந்துரைப் பட்டியல் வைத்திருக்கிறது. டிரான்ஸ்ஃபரில் போகும் ஊழியர்களிடம் சில அலுவலகங்கள் இந்தப் பட்டியலில் உள்ள நிறுவனத்தின் பில்லைக் கேட்பதால், வீடு மாற்றும் தொழிலிலும் இந்தப் பெயர் பிரபலமாகிவிட்டது. பட்டியலில் இருப்பது நல்ல அடையாளம்தான். ஆனால், விளம்பரத்தில் போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் பட்டியலில் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. சங்கத்தின் இணையதளத்தில் அதே பெயர், அதே ஊர் இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஐ.பி.ஏ பில் மட்டும் தனியா ஏற்பாடு பண்ணித் தர்றோம்’ என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம். பொய் பில் கொடுத்துப் பணம் வாங்கினால், வேலைக்கே ஆபத்து வரும்.

10 நிமிட செல்போன் சோதனை

அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன், சோபாவில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இது.

1. ஜி.எஸ்.டி எண்ணைப் படியுங்கள்

ஜி.எஸ்.டி எண்ணில் 15 இலக்கங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறியீடு. தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. அடுத்த 10 இலக்கங்கள் அவருடைய பான் எண். அந்த எண்ணில் ஒரு ரகசியம் இருக்கிறது. ஜி.எஸ்.டி எண்ணின் 6-வது எழுத்தைப் பாருங்கள். அது ‘பி’ என்றால் தனிநபர், ‘எஃப்’ என்றால் கூட்டு நிறுவனம், ‘சி’ என்றால் கம்பெனி. விசிட்டிங் கார்டில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போட்டிருக்கும். 6-வது எழுத்து ‘பி’ என்று இருக்கும். அப்படியென்றால் கம்பெனி என்பது வெறும் பெயர்ப் பலகை. நீங்கள் ஒப்பந்தம் போடுவது ஒரு தனிநபரோடு. தனிநபர் தொழில் செய்வது தவறில்லை. ஆனால், இல்லாத கம்பெனியை இருப்பதாகச் சொல்பவரிடம் வீட்டை ஒப்படைக்கலாமா என்பதுதான் கேள்வி.

அடுத்து, ஜி.எஸ்.டி இணையதளத்தில் ‘சர்ச் டாக்ஸ்பேயர்’ பகுதிக்குப் போய் எண்ணைப் போடுங்கள். லாகின் தேவையில்லை. சட்டப்படியான பெயர், வர்த்தகப் பெயர், பதிவு செய்த தேதி, முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா அல்லது ரத்தாகிவிட்டதா என எல்லாம் வரும். ‘20 வருட அனுபவம்’ என்பவரின் பதிவு போன மாதம் தொடங்கியிருந்தால், காரணம் கேளுங்கள்.

ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் தொழில் செய்யும் சிறிய ஆட்களுக்கு ஜி.எஸ்.டி பதிவு இல்லாமலும் இருக்கலாம். அது குற்றமில்லை. ஆனால், பதிவு இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி சேர்த்து வாங்கக் கூடாது.

2. கம்பெனி என்றால் சி.ஐ.என் கேளுங்கள்

பிரைவேட் லிமிடெட் என்றால் 21 இலக்க சி.ஐ.என் எண் இருக்க வேண்டும். மத்திய அரசின் கம்பெனி விவகாரங்கள் அமைச்சக இணையதளத்தில் தேடினால் கம்பெனி நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். அந்த எண்ணுக்குள்ளேயே கம்பெனி தொடங்கிய ஆண்டும் இருக்கும்.

3. பெயரை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்

பிரபல நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றியோ, முன்னால் ‘நியூ’, ‘ஸ்ரீ’ சேர்த்தோ வரும் பெயர்கள் இந்தத் தொழிலில் சகஜம். கூகுளில் முதலில் வரும் விளம்பர எண்ணுக்குப் போன் செய்யாமல், நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்து, ‘இந்த நம்பரிலிருந்து கொட்டேஷன் வந்திருக்கு, உங்க ஆளா?’ என்று கேட்டுவிடுங்கள்.

4. பணம் போகும் கணக்கைப் பாருங்கள்

கியூ.ஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் ஒரு பெயர் வருமே... அது ஜி.எஸ்.டி இணையதளத்தில் பார்த்த பெயரோடு ஒத்துப்போக வேண்டும். சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் பெயர் வந்தால், பணத்தை அனுப்பாதீர்கள். மொத்தத் தொகையையும் முன்பணமாகக் கேட்பவரிடமும் அதே எச்சரிக்கை தேவை.

5. வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள்

வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு மஞ்சள் நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்துகள் இருக்க வேண்டும். வண்டி வந்ததும் எண்ணை ‘எம்-பரிவாகன்’ செயலியில் போட்டால், எஃப்.சி எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை என்று காட்டும். எஃப்.சி முடிந்த வண்டியில் உங்கள் பொருள்களை ஏற்றவிடாதீர்கள்.

எல்.ஆர்: சின்ன ரசீது, பெரிய பொறுப்பு

கொட்டேஷன் வேறு, எல்.ஆர் வேறு. பொருள்களை ஏற்றும் முன் நாம் ஒரு அனுப்புகைக் குறிப்பு கொடுக்க வேண்டும். என்னென்ன பொருள்கள், என்ன மதிப்பு என்பது அதில் இருக்கும். அவர்கள் பதிலுக்குச் சரக்கு ரசீது தர வேண்டும். இதைத்தான் லாரி செட்டில் ‘எல்.ஆர்’ என்கிறார்கள். சட்டப்படி இது 3 பிரதிகளாகப் போடப்பட வேண்டும், அசல் நமக்கு.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பேக்கிங் ஆட்களே ஃபார்மை நிரப்புகிறார்கள். ‘ஹவுஸ்ஹோல்டு கூட்ஸ் - 42 பார்சல்’ என்று ஒரே வரி. மதிப்பு என்ற கட்டத்தில் ஏதோ ஒரு தொகை, அல்லது காலி. அவசரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இழப்பு வந்தால் எவ்வளவு கிடைக்கும் என்பது அந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். 2011 விதிகளின்படி, பொருள் தொலைந்தாலோ, சேதமானாலோ கேரியரின் பொறுப்பு, வண்டி வாடகையைப் போல 10 மடங்கு வரைதான். அந்தத் தொகையும் நாம் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாது.

ஓர் உதாரணம். கோவையிலிருந்து சென்னைக்கு வீடு மாறும் குடும்பத்துக்கு மொத்த பில் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் பேக்கிங் 12,000, ஏற்று-இறக்குக் கூலி 6,000, வண்டி வாடகை 12,000. பொருள்களின் மதிப்பு 4 லட்சம் என்று எழுதியிருக்கிறார்கள். மொத்தமும் நாசமானாலும், 10 மடங்கு கணக்கில் வருவது 1,20,000 ரூபாய்தான். அதே குடும்பம் மதிப்பை 50,000 என்று எழுதியிருந்தால், அவ்வளவுதான் உச்ச வரம்பு. மொத்த பில் அதே 30,000-மாக இருந்து, வண்டி வாடகை என்ற வரியில் 5,000 மட்டும் போட்டிருந்தாலும், 50,000-க்கு மேல் இல்லை என்று அவர்கள் வாதாட இடமுண்டு.

அதனால், மொத்தத் தொகையை மட்டும் பேரம் பேசாதீர்கள். பில்லில் எந்த வரியில் எவ்வளவு என்பதையும் பாருங்கள். கூடுதல் கட்டணம் கொடுத்து இந்த வரம்பை உயர்த்திக்கொள்ளவும் சட்டத்தில் வழி இருக்கிறது. அப்படிச் செய்தால் எழுத்தில் வாங்குங்கள்.

நமக்குச் சாதகமான பகுதியும் உண்டு. பொருள் தொலைந்தாலோ, சேதமானாலோ கேரியரின் கவனக்குறைவால்தான் அது நடந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. இயற்கைப் பேரிடர், போர், கலவரம், சட்டப்படியான பறிமுதல், அரசுத் தடை போன்ற காரணங்களைத் தவிர மற்றவற்றுக்குப் பொறுப்பு அவருடையது. அந்தக் காரணங்கள் இருந்தாலும், உரிய கவனத்தோடு தவிர்த்திருக்க முடியும் என்றால் அவர் தப்ப முடியாது. எல்.ஆரில் சிறிய எழுத்தில் ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று அச்சடித்திருந்தால், ‘இழப்பு உங்களுடையது’ என்று அர்த்தம். அதை அடித்துவிட்டு ‘கேரியர்ஸ் ரிஸ்க்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், வேறு ஆளைப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ்: பணம் வாங்கினால் போதாது, பாலிசி வர வேண்டும்

‘டிரான்சிட் இன்ஷூரன்ஸ்’ என்று பில்லில் ஒரு வரி இருக்கும். பொருள்களின் மதிப்பில் இத்தனை சதவிகிதம் என்று வாங்குவார்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

வீடு மாற்றித் தருபவர் இன்ஷூரன்ஸ் நிறுவனம் அல்ல. இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யில் பதிவு செய்த நிறுவனம் மட்டுமே பாலிசி தர முடியும். மூவர்ஸ் நிறுவனம் செய்யக்கூடியது, அப்படிப்பட்ட நிறுவனத்திடம் நமக்காக பாலிசி எடுத்துத் தருவது, அல்லது தான் எடுத்து வைத்திருக்கும் ‘ஓப்பன் பாலிசி’யின் கீழ் நமக்குச் சான்றிதழ் வாங்கித் தருவது. இரண்டில் எதுவானாலும் காகிதம் வந்தாக வேண்டும். வரவில்லை என்றால், நீங்கள் கொடுத்தது பிரீமியம் அல்ல, கூடுதல் கட்டணம்.

சான்றிதழில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

* காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், பாலிசி எண்
* உங்கள் பெயர்
* எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி, எந்த வண்டி அல்லது எந்த எல்.ஆர்
* காப்பீட்டுத் தொகை
* என்னென்ன ஆபத்துகளுக்குக் காப்பீடு, எவை விலக்கு

வண்டி கிளம்பும் முன்பே காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, பாலிசி எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். கிளம்பிய பிறகு போடும் பாலிசி, ஏற்கெனவே நடந்த சேதத்துக்குக் கைகொடுக்காது.

ஆவணத்தில் ‘மரைன்’ என்ற சொல்லைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கப்பல் காலத்துப் பெயர் அது. தரைவழிச் சரக்குக் காப்பீடும் அதே பிரிவில்தான் வருகிறது. கவனிக்க வேண்டியது, அதற்குக் கீழே இருக்கும் ஏ, பி, சி வகைகள். ‘இன்லேண்டு டிரான்சிட் - ஏ’ என்றால் விலக்குகள் தவிர மற்ற ஆபத்துகள் எல்லாம் அடங்கும். ‘பி’ என்றால் தீ, மின்னல், வண்டி மோதுதல், கவிழ்தல், பாலம் உடைதல் என்று பெயர் சொல்லப்பட்டவை மட்டும். ‘சி’ என்றால் தீயும் மின்னலும்தான். இறக்கும்போது கைதவறி டி.வி விழுந்தால், பி, சி இரண்டிலும் பலனில்லை.

இன்னும் சில விஷயங்கள்...

* லாரியின் இன்ஷூரன்ஸ் வேறு, சரக்கின் இன்ஷூரன்ஸ் வேறு. ‘வண்டிக்கு ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கு’ என்றால் அது வண்டிக்கானது. உள்ளே இருக்கும் உங்கள் பீரோவுக்கானது அல்ல.

* பில்லில் ‘எஃப்.ஓ.வி’ என்று இருந்தால், அது பொருளின் மதிப்பை வைத்துக் கேரியர் வாங்கும் ரிஸ்க் கட்டணம். அதுவும் இன்ஷூரன்ஸ் பாலிசி அல்ல.

* சரியாகப் பேக் செய்யாததால் வந்த சேதத்துக்கு இழப்பீடு மறுக்கப்படலாம். ‘நாங்களே பேக் பண்ணிடறோம், நீங்க தூக்கினா போதும்’ என்று பணத்தை மிச்சப்படுத்துபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

* பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துச் சொன்னால், இழப்பீடும் அதே விகிதத்தில் குறையக்கூடும். 4 லட்சம் மதிப்புள்ள பொருள்களை 2 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 60,000 ரூபாய்க்குச் சேதம் வந்தால், 30,000 ரூபாய்தான் கிடைக்கலாம்.

* பழைய பொருளுக்குப் புதிய விலை கிடைக்காது. கீறல், நசுங்கல், வெளியே அடிபடாமல் உள்ளே ஏற்படும் மின்கோளாறு ஆகியவை பல பாலிசிகளில் விலக்காக இருக்கும்.

* நகை, ரொக்கம், பத்திரம், சர்ட்டிஃபிகேட்கள் எதையும் வண்டியில் ஏற்றாதீர்கள். அவை உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

மூவர்ஸ் வழியாக வேண்டாம் என்றால், பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஒருமுறைப் பயணத்துக்கான பாலிசி தருவார்களா என்று நேரடியாகவும் கேட்டுப் பார்க்கலாம்.

பக்கத்துத் தெருவுக்கு மாற இவ்வளவும் வேண்டுமா?

நியாயமான கேள்வி. வேளச்சேரியிலிருந்து மேடவாக்கத்துக்கு ஒரு ‘குட்டி யானை’யில் பொருள்களை ஏற்றி, நாமே பின்னால் பைக்கில் போகும் வீடு மாற்றத்துக்கு யாரும் இன்லேண்டு டிரான்சிட் பாலிசி தேடப்போவதில்லை. அங்கே பொருள்கள் நம் கண் முன்னால் இருக்கின்றன. வண்டி எண், ஓட்டுநரின் போன் எண், லைசென்ஸ் போட்டோ, பேசிய கூலி வாட்ஸ்அப்பில் ஒரு வரி. இவ்வளவு போதும். மாடிக்கு மாடி கூலி தனியா, லிஃப்ட் இல்லாவிட்டால் எவ்வளவு, கட்டிலைக் கழற்றி மாட்டுவது சேர்ந்ததா என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

பொருள்கள் நம் கண்ணை விட்டு மறையும்போதுதான் காகிதம் தேவைப்படுகிறது. வண்டி வெளியூர் போகிறது, இரவு முழுக்க ஓடுகிறது, நடுவில் வேறு வண்டிக்கு மாற்றுகிறார்கள், சில நாள் குடோனில் வைக்கிறார்கள் என்றால் 3 ஆவணங்களையும் விட்டுக்கொடுக்காதீர்கள். உங்கள் பொருள்கள் மட்டும் போகும் வண்டியா, வேறு வீட்டுப் பொருள்களும் சேர்ந்து போகுமா என்பதையும் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று... வெளியூர் போகும்போது ‘இ-வே பில் சார்ஜ்’ என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம். பயன்படுத்திய வீட்டு உபயோகப் பொருள்களுக்கு இ-வே பில்லிலிருந்து விலக்கு இருக்கிறது.

ஏற்றும் நாளும் இறக்கும் நாளும்

பேக்கிங் தொடங்கும் முன், ஒவ்வொரு பெரிய பொருளையும் நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். டி.வி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் மூன்றையும் ஓடவிட்டு எடுங்கள். ஏற்கெனவே இருந்த கீறல் எது, புதிதாக வந்தது எது என்ற சண்டை இதனால் தீரும். பார்சலுக்கு எண் போடச் சொல்லி, பட்டியலில் பொருளின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ‘அட்டைப்பெட்டி 17’ என்றால் உள்ளே மிக்ஸியா, பழைய பேப்பரா என்று பின்னால் யாருக்குத் தெரியும்?

இறக்கும் நாளில் எல்லோருமே களைத்திருப்போம். ஆட்கள் ‘சைன் போடுங்க சார், அடுத்த லோடுக்குப் போகணும்’ என்று நிற்பார்கள். பார்சல்களை எண்ணி முடிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். குறையோ, சேதமோ இருந்தால் டெலிவரி காப்பியிலேயே எழுதிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரித்துப் பார்க்க நேரமில்லை என்றால், ‘உள்ளே சரிபார்க்கவில்லை’ என்றாவது எழுதுங்கள். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிய காகிதம், நாளை நமக்கு எதிரான சாட்சி.

பிரச்னை வந்துவிட்டால்?

* 180 நாள்: கேரியர் மீது வழக்குப் போட வேண்டுமென்றால், அதற்கு முன் எழுத்துபூர்வமாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். அதுவும் பொருள்களை புக் செய்த நாளிலிருந்து 180 நாள்களுக்குள். ‘பார்க்கறோம் சார், அடுத்த வாரம் செட்டில் பண்ணிடறோம்’ என்று போனில் இழுத்தடித்தால், நாள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். முதல் வாரத்திலேயே பதிவுத் தபாலிலும் இ-மெயிலிலும் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.

* இன்ஷூரன்ஸ் இருந்தால்: உடனே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை உடைந்த பொருளைத் தூக்கிப் போடவோ, ரிப்பேர் செய்யவோ வேண்டாம். கேரியருக்கு நோட்டீஸ் கொடுக்காமல் விட்டால், இழப்பீடும் குறையலாம். நிறுவனம் சரியாகப் பதில் தராவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யின் 155255 எண்ணில் புகார் செய்யலாம்.

* நுகர்வோர் உதவி: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ‘இ-ஜாக்ரிதி’ இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

* பொருள்களைத் தர மறுத்தால்: பேசிய தொகைக்கு மேல் கேட்டு வண்டியை நிறுத்தி வைத்தாலோ, பொருள்களோடு காணாமல் போனாலோ 112-க்கு அழைத்து, காவல் நிலையத்தில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுங்கள். ஏற்றிச் செல்ல ஒப்படைத்த பொருளைக் கேரியரே கையாடல் செய்வது, பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கொட்டேஷனும் எல்.ஆரும் கையில் இருந்தால், ‘இது உங்க ரெண்டு பேர் பணத் தகராறு’ என்று திருப்பி அனுப்புவது கடினம்.

* அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மாயமானால்: 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

இதை அப்படியே காப்பி செய்து அனுப்புங்கள்

கொட்டேஷன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் கீழே உள்ள மெசேஜை அனுப்புங்கள்.

‘வணக்கம். உங்கள் கொட்டேஷன் கிடைத்தது. அட்வான்ஸ் அனுப்பும் முன் இவை தேவை: 1. காமன் கேரியர் பதிவுச் சான்றிதழ் காப்பி. 2. ஜி.எஸ்.டி எண், கம்பெனி என்றால் சி.ஐ.என். 3. எல்.ஆர் மாதிரி, அதில் கேரியர்ஸ் ரிஸ்க் என்று இருக்க வேண்டும். 4. பேக்கிங், ஏற்று-இறக்குக் கூலி, வண்டி வாடகை, வரி தனித்தனியாக. 5. எந்தக் காப்பீட்டு நிறுவனம், ஏ, பி, சி-யில் எந்த வகை. வண்டி கிளம்பும் முன் என் பெயரில் சான்றிதழ் வருமா? 6. பொருள்கள் வந்து சேரும் தேதி. நன்றி.’

பதில் வரும் விதத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஒழுங்காகத் தொழில் செய்பவர், இந்தக் கேள்விகளை முன்பே பல முறை பார்த்திருப்பார். ஒரு நாளில் அனுப்பிவிடுவார். ‘இதெல்லாம் யாரும் கேட்கறதில்ல சார், நம்பிக்கைதான் முக்கியம்’ என்று சொல்பவரை, பாதி விலைக்கு வந்தாலும் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.